வம்சத்தின் சாபமன்று: க்ஷயரோகமும் நம் முன்னோர் குடும்பங்களும்

நைனார்பாளையத்தில் கிராம சபைக் கூட்டம் ஒன்று முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டிருந்த வேளையில், எழுபத்தைந்து வயதைக் கடந்த விவசாயப் பெரியவர் ஒருவர் நம் அருகே வந்து அமர்ந்தார். அன்றைய கூட்டத்தில் குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றோடு காசநோய்ப் பரிசோதனை முகாமைப் பற்றியும் பேசியிருந்தோம். முகாமுக்குப் பெயர் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அதைக் கவனித்திருந்த பெரியவர், “ஐயா, ஆள் வராததற்குக் காரணம் காகிதத்தில் கிடைக்காது. எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டால் தெரியும்” என்று தொடங்கினார்.

அவருடைய பாட்டனார் காலத்தில் அது கூட்டுக் குடும்பம். அண்ணன் தம்பி நால்வர். ஆறு ஏக்கர் நிலம். இரண்டே அறைகள் கொண்ட மண்சுவர் வீடு. மூத்தவரின் மனைவிக்கு முதலில் இருமல் கண்டது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடல் தேறாமல் அவ்வம்மையார் இறந்தார். அவர் மடியில் வளர்ந்த குழந்தை அடுத்த ஆண்டிலேயே இறந்தது. பின்னர் மூத்தவர், அவருக்குப் பணிவிடை செய்த தாயார், இறுதியில் கடைசித் தம்பி. பத்து ஆண்டுகளுக்குள் ஐந்து சாவு. எலும்புருக்கி என்று ஊரார் கூறினர். வைத்தியத்துக்கும் சாந்தி பரிகாரங்களுக்குமாக மூன்று ஏக்கர் நிலம் விலைப்பட்டது. எஞ்சிய சகோதரர் இருவருக்கும் பெண் கொடுப்பார் இல்லை. ஒருவர் சேலத்துக்கு வேலை தேடிப் போனவர் திரும்பவேயில்லை. மற்றொருவர் வெகுதூரத்து உறவில் காலம் கடந்து மணம் புரிந்தார். அவருடைய பேரனே இப்பெரியவர். பழைய வீட்டில் எவரும் குடியேறாமையால் அது மழையில் கரைந்து மேடாயிற்று.

கதையை முடித்தபின் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, அவர் கேட்டார்: “ஐயா, இந்த நோய் வம்சத்தில் வருவதா? எனக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அதனால் கேட்கிறேன்.”

அவர் கேட்டது ஒரு கேள்வி. ஆனால் ஊரே அதை மனத்தில் வைத்துக்கொண்டு வாய் திறவாமல் இருக்கிறது. ஆகவே அதற்கு விரிவாக விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் இந்நோயை அறிந்த விதம்

நம் முன்னோர் இந்நோயை நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு, அவர்கள் அதற்கு இட்ட பெயர்களே சான்று. உடல் நாளுக்கு நாள் தேய்வதால் க்ஷயம் என்றனர். தசை கரைந்து எலும்பே உருகுவது போலத் தோன்றியதால் எலும்புருக்கி என்றனர். இருமலைக் கொண்டு காசம் என்றனர். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உணவில் வெறுப்பு, கோழையில் இரத்தம் ஆகிய குறிகளையும் வைத்தியர்கள் அறிந்திருந்தனர்.

அறியாதது காரணம் ஒன்றே. காரணம் விளங்காத இடத்தில் கதை பிறக்கிறது. தக்ஷனின் புதல்வியர் இருபத்தேழு பேரையும் மணந்த சந்திரன், ரோகிணியிடம் மட்டும் அன்பு காட்டினான். அதனால் மாமனாரின் சாபம் பெற்று க்ஷயமுற்றுத் தேய்ந்தான் என்பது புராணம். நோயைச் சாபத்தோடு இணைக்கும் எண்ணம் எத்துணைப் பழைமையானது என்பதை இக்கதை காட்டுகிறது. ஒரே வீட்டில் ஒருவர்பின் ஒருவராக இறப்பதைக் கண்ணால் கண்ட மக்கள், இது குலத்தைப் பற்றிய தோஷம் என்று முடிவு செய்ததில் வியப்பில்லை.

இம்மயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் எக்ஸிட்டர் என்னும் ஊரில், பிரௌன் என்ற விவசாயியின் குடும்பத்தில் தாயும் மூத்த மகளும் இந்நோயால் இறந்தனர். மகன் எட்வினும் நோயுற்றான். 1892-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மற்றொரு மகள் மெர்சியும் இறந்தாள். இறந்தவருள் ஒருவரே உயிரோடிருப்பவரின் உயிரை உறிஞ்சுகிறார் என்று அக்கம்பக்கத்தார் நம்பினர். கல்லறையைத் திறந்து மெர்சியின் இருதயத்தை எரித்து, அச்சாம்பலைக் கரைத்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தனர். இரண்டு திங்களுக்குள் அவனும் மாண்டான். பள்ளியும் செய்தித்தாளும் இரயிலும் இருந்த நாட்டில் நடந்த நிகழ்ச்சி இது.

வம்சமா, வீடா?

அந்நிகழ்ச்சிக்குப் பத்து ஆண்டுகள் முன்னரே, 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள், ஜெர்மனியில் பெர்லின் நகரில் இராபர்ட் காக் என்னும் மருத்துவர் இந்நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்துவிட்டார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆயினும் கண்டுபிடிப்பு பெர்லினிலிருந்து எக்ஸிட்டருக்கும் நைனார்பாளையத்துக்கும் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

க்ஷயரோகம் இரத்தத்தின் வழியே தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் நோயன்று. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமிகள் மிக நுண்ணிய துளிகளில் காற்றில் கலக்கின்றன. காற்றோட்டமில்லாத அறையில் அவை வெகுநேரம் மிதந்து நிற்கும். அக்காற்றைப் பல நாட்கள் சுவாசிப்பவர் உடலில் கிருமி புகுகிறது. வயல்வெளியில் ஒரு நாழிகை பேசிக்கொண்டிருப்பவரைவிட, ஓர் அறையில் இரவு முழுதும் உறங்குபவருக்கே அபாயம் அதிகம். இரவில் உடன் உறங்குபவர் யார்? மனைவி, மக்கள், பேரக்குழந்தை, பணிவிடை செய்யும் தாய் ஆகியோரே. ஆகவே நோய் இரத்த உறவைப் பின்தொடர்வது போலத் தோன்றியது. உண்மையில் அது பின்தொடர்ந்தது ஒரே கூரையின்கீழ் இருந்த காற்றை.

பெரியவரின் கதையையே மீண்டும் பார்ப்போம். முதலில் நோயுற்ற மருமகள் அவ்வம்சத்தில் பிறந்தவரல்லர். வேறு குடும்பத்திலிருந்து வந்தவர். அவருக்குப் பின் அவர் மடியில் கிடந்த குழந்தை. உடன் உறங்கிய கணவர். கணவருக்குப் பணிவிடை செய்த தாயார். வெளியூர் சென்ற சகோதரரும், வேறு வீட்டுக்கு மாறிய சகோதரரும் நோய்வாய்ப்பட்டதாகப் பெரியவர் கூறவில்லை. அவ்விருவர் உடலிலும் ஓடியது அதே வம்சத்தின் இரத்தம்தான். இதை எடுத்துக்காட்டியபோது பெரியவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “அப்படியானால் வீடுதான் காரணம், நாங்கள் அல்ல” என்றார்.

கிருமி புகுந்தவர் யாவரும் நோயாளி ஆவதில்லை என்பதையும் அறிதல் வேண்டும். நூறு பேர் உடலில் கிருமி புகுந்தால், ஏறக்குறைய ஐந்து முதல் பத்துப் பேர்தாம் வாழ்நாளில் என்றேனும் நோயுறுகின்றனர். மற்றவர் உடலில் கிருமி உறங்கிக் கிடக்கிறது. பசி, நீரிழிவு, புகை, மிகுந்த மதுப்பழக்கம், எச்.ஐ.வி., முதுமை ஆகியவற்றால் உடல் வலிமை குன்றும்போது அது விழித்துக்கொள்ளக்கூடும். பாட்டனார் இறந்து இருபது ஆண்டுகள் கழித்துப் பேரனுக்கு நோய் காண்பது எங்ஙனம் என்ற ஐயத்துக்கும் இதுவே விடை. வம்சத்தில் ஒளிந்திருந்த சாபமன்று. சிறு வயதில் பாட்டனாரின் அருகில் உறங்கிய நாட்களில் புகுந்த கிருமியாக அது இருக்கலாம்.

நேர்த்திக்கடன் பலித்தது எப்படி?

மருந்தில்லாத காலத்தில் நோயாளிகளின் கதி என்னவாயிற்று என்பதை அறிய உதவும் ஆராய்ச்சி ஒன்று நம் அண்டை மாநிலத்தில் நடைபெற்றது. 1959-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பெங்களூரு தேசியக் காசநோய் நிலையத்தார், 1961 முதல் 1968 வரை அந்நகரைச் சூழ்ந்த பகுதியின் கிராமங்களில், கோழையில் கிருமி உள்ளவர்களைக் கண்டு பதிவு செய்து வந்தனர். கிராமங்களில் முறையான சிகிச்சை பரவாதிருந்த காலம் அது. ஐந்து ஆண்டுகளின் முடிவில் நூற்றுக்குச் சுமார் 49 பேர் இறந்துவிட்டனர். சுமார் 33 பேர் தாமாகவே கிருமி நீங்கப் பெற்றனர். எஞ்சிய 18 பேர் கிருமியை வெளியிட்டுக்கொண்டே உயிரோடிருந்தனர்.

இம்மூன்று எண்களும் நம் முன்னோர் குடும்பங்களின் வரலாற்றைத் தெளிவாக்குகின்றன. பாதிப்பேர் இறந்தமையால் நோயின் பெயரைக் கேட்டாலே அச்சம் பிறந்தது. மூன்றில் ஒருவர் தாமே பிழைத்தமையால், அவ்வேளையில் கொடுத்த சூரணமும், நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடனும், கட்டிய தாயத்தும் புகழ் பெற்றன. பலிக்காதவர் வாய்திறவார், பலித்தவர் ஊரெங்கும் சொல்வார். எஞ்சிய ஐந்தில் ஒரு பங்கினரோ திண்ணையில் ஆண்டுக்கணக்கில் இருமிக்கொண்டு, தாமும் அறியாமல் அடுத்த தலைமுறைக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருந்தனர். பழைய இருமல் தானே என்று எவரும் அவர்களைப் பொருட்படுத்தவில்லை.

இந்நோய் ஆலைகளும் நெருக்கமும் மிக்க பட்டணங்களுக்கே உரியது என்ற எண்ணமும் ஒரு காலத்தில் இருந்தது. 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் நாட்டின் பல பகுதிகளில் எடுத்த கணக்கெடுப்பு அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. பட்டணத்தில் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு கிராமத்திலும் இருந்தது. நாட்டு மக்களில் பெரும்பாலோர் கிராமத்தினர் ஆதலால், நோயாளிகளிலும் பெரும்பாலோர் கிராமத்தினரே என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

செல்வமும் கல்வியும் காக்க முடியாத காலம்

மருந்து கிடைக்குமுன் ஓய்வு, நற்காற்று, நல்லுணவு ஆகிய மூன்றுமே சிகிச்சை. இவற்றுக்காக ஊருக்குப் புறம்பே சானடோரியங்கள் அமைக்கப்பட்டன. ஆஜ்மீருக்கு அருகே 1906-ஆம் ஆண்டிலும், ஆந்திர நாட்டு மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-ஆம் ஆண்டிலும் இவை தோன்றின. டாக்டர் சௌரி முத்து என்பார் 1928-ஆம் ஆண்டில் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தை 1937-ஆம் ஆண்டில் அரசாங்கம் ஏற்றது. அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆனால் கிராமக் குடும்பத்தில் எத்தனை பேருக்கு அங்கே இடம் கிடைத்திருக்கும்? இடம் கிடைத்தாலும், உழைப்பவர் ஓராண்டு ஈராண்டு படுக்கையில் கிடந்தால் ஏர் பிடிப்பவர் யார்? ஆகவே பெரும்பாலோர் வீட்டின் பின்கட்டிலோ, தோட்டத்துக் குடிசையிலோ ஒதுக்கி வைக்கப்பட்டனர். தனித் தட்டு, தனிப் பாய், தனிக் குவளை. குழந்தைகள் அருகே செல்லலாகாது. நோய் கொன்றதற்கு முன்னரே தனிமை அவர்களைக் கொன்றது என்று கூறுவது மிகையாகாது.

கற்றோரும் செல்வரும் தப்பவில்லை. கணித மேதை இராமானுஜன் 1917-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நோயுற்று, க்ஷயம் எனக் கருதப்பட்டு, அந்நாட்டுச் சானடோரியங்களில் சிகிச்சை பெற்றார். பின்னர்த் தாயகம் திரும்பி, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32-ஆம் வயதில் காலமானார். அவருக்கு வந்தது ஈரலைப் பற்றிய வேறொரு நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் சிலர் கருதுகின்றனர். நோயை உறுதியாகக் கண்டறியவும் வழி குறைந்திருந்த காலம் அது. ஜவஹர்லால் நேருவின் துணைவியார் கமலா நேரு 1936-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் இந்நோயால் இறந்தார். சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் 1948-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் இதற்கே இரையானார். அப்போது அவருக்கு வயது 42. அவர்கட்கே இக்கதி என்றால், மூன்று ஏக்கர் நிலத்தை விற்று வைத்தியம் பார்த்த குடும்பம் செய்யத்தக்கது வேறு யாது இருந்தது?

சேத்துப்பட்டில் கிடைத்த விடை

ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. ஐசோனையஸிட் என்னும் மாத்திரை 1952-ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்தது. மருந்து வந்துவிட்டது, ஆனால் படுக்கை இல்லை. நாட்டிலிருந்த இலட்சக்கணக்கான நோயாளிகளை எந்தச் சானடோரியத்தில் சேர்ப்பது?

இதற்கு விடை காண, 1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் கூட்டாக ஈடுபட்டன. இராமானுஜன் உயிர்நீத்த அதே சேத்துப்பட்டில், முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து இந்நிலையம் அமைந்தது.

சென்னையின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளை அவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் மருந்தும் அளித்தனர். மறு பிரிவினர் தம் சிறு வீடுகளிலேயே குடும்பத்தாருடன் இருந்து, கிடைத்ததை உண்டு, அதே மாத்திரைகளை ஓராண்டு விழுங்கினர். ஆண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தோரில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தோரில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியது. உலகமே நம்பத் தயங்கிய முடிவு இது. 1959-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியானது.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வீட்டில் சிகிச்சை பெற்றவரின் மனைவி மக்களையும், சானடோரியத்துக்குச் சென்றவரின் மனைவி மக்களையும் ஐந்து ஆண்டுகள் கவனித்து வந்தனர். நோயாளி வீட்டிலேயே இருந்தமையால் குடும்பத்தாரிடம் நோய் கூடுதலாகக் காணப்படவில்லை. சிகிச்சை தொடங்குமுன், நோய் இன்னதென்று தெரியாமலும் மறைத்தும் கழித்த நாட்களிலேதான் குடும்பத்தாருக்குக் கிருமி பரவுகிறது. முறையாக மருந்து உட்கொள்ளத் தொடங்கியபின் பரவும் அபாயம் விரைவில் குறைந்துவிடுகிறது. இதுவே அதன் பொருள்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை நன்கு மனத்தில் இருத்த வேண்டுகிறோம். மருந்து உண்ணும் நோயாளி வீட்டுக்கு அபாயமல்லர். மருந்து உண்ணாமல், எவருக்கும் தெரியாமல் இருமிக்கொண்டிருப்பவரே அபாயம். நம் முன்னோர் நோயாளியை ஒதுக்கினர், நோய் ஒழியவில்லை. ஒதுக்குதலுக்கு அஞ்சி மக்கள் நோயை மறைத்தனர். மறைத்ததனால் அது மேலும் பரவியது.

பசியும் நோயும்

தாது வருஷப் பஞ்சம் என்று பெரியோர் கூறும் 1876–78-ஆம் ஆண்டுக் கொடும் பஞ்சம் முதல், நம் மாகாணக் கிராமங்கள் பசியைப் பலமுறை கண்டன. பசித்த உடலில் உறங்கும் கிருமி எளிதில் விழிக்கும். நோயுற்றவர் உழைக்க இயலாமையால் வருவாய் குன்றும். வருவாய் குன்றினால் குழந்தைகளின் உணவு குன்றும். உணவு குன்றினால் அடுத்த நோயாளி தோன்றுவார். வம்ச சாபம் என்று தோன்றியதன் பாதி வறுமையின் சுழற்சியே.

இச்சுழற்சியை அறுக்கலாம் என்பதற்கு அண்மையில் ஜார்க்கண்டு மாநிலத்தில் நடந்த ஆராய்ச்சி சான்று பகர்கிறது. 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய அதில் 2,800 நோயாளிகளும், அவர்தம் குடும்பத்தினர் 10,345 பேரும் சேர்க்கப்பட்டனர். நோயாளிகள் அனைவரும் உணவுப் பொருள் பெற்றனர். குடும்பத்தினருள் ஒரு பிரிவினருக்கு மட்டும் திங்கள்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை ஆகியவை கூடுதலாக அளிக்கப்பட்டன. 2023-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் இவ்வாறு தடுப்பு மருந்தாயின. நோயாளிகளின் உணவுக்காக மத்திய அரசாங்கம் 2018-ஆம் ஆண்டு முதல் வங்கிக் கணக்கில் செலுத்திவரும் தொகை, 2024 நவம்பர் முதல் திங்களுக்கு ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

எமது பிழை ஒன்று

இவ்விடத்தில் எமது பிழை ஒன்றையும் கூறுதல் கடமை. எமது ஒன்றியத்தின் வேறோர் ஊரில் விவசாயி ஒருவர், நம் பேச்சைக் கேட்டு, நெடுநாள் இருமிய தம் மகனைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார். நோய் உறுதியாயிற்று, மருந்து தொடங்கியது. வீட்டார் அனைவரும் பரிசோதனை செய்துகொண்டனர், மற்றவருக்கு நோயில்லை. அடுத்த கூட்டத்தில் மகிழ்ச்சி மிகுதியால், பெயர் கூறாமல், “இவ்வூரிலேயே ஒரு குடும்பம் நல்ல முன்மாதிரியாக நடந்துகொண்டது” என்று நாம் பாராட்டிப் பேசினோம். எந்தக் குடும்பம் என்பது மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவ்வீட்டுப் பெண்ணுக்குப் பேசியிருந்த சம்பந்தம் பத்து நாட்களில் கலைந்தது. பெண்ணுக்கு நோயில்லை; அவள் தமையனுக்கும் ஆறு திங்களில் குணமாயிற்று. கலைந்த சம்பந்தமோ கலைந்ததுதான்.

நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்று வருத்தம் தெரிவித்தோம். பெண்ணின் தாயார், “நல்லதுக்குத்தான் சொன்னீர்கள், ஐயா. ஆனால் அடுத்த வீட்டில் இருமுகிறவர்கள் இனிமேல் போகமாட்டார்களே” என்றார். அவர் தம் மகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல், அடுத்த வீட்டைப் பற்றிக் கவலைப்பட்டது நம்மைத் தலைகுனியச் செய்தது. மருந்து நுரையீரலைக் குணப்படுத்தும். ஊரின் பேச்சைக் குணப்படுத்தும் பொறுப்பு நம் அனைவருக்கும் உரியது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவதாக, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை, இரவு வியர்வை, கோழையில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் கோழைப் பரிசோதனைக்குச் செல்லுமாறு உறுப்பினர்கள் தம் வார்டு மக்களைத் தூண்டுதல் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரண வகை நோய்க்கு ஆறு திங்கள் மருந்து போதும். இரண்டு திங்களில் உடல் தேறிவிட்டது என்று இடையில் நிறுத்தினால், மருந்துக்குக் கட்டுப்படாத கொடிய வகை உண்டாகக்கூடும்.

இரண்டாவதாக, ஒருவருக்கு நோய் உறுதியானால் வீட்டிலுள்ள அனைவரும் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். நோயில்லாத வீட்டாருக்கும் உறங்கும் கிருமி விழிக்காதபடி தடுக்கும் மருந்து அளிக்கப்படுகிறது. முன்னோருக்குக் கிட்டாத பெரும் பேறு இது. குழந்தை பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசி, சிறு குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகளைத் தடுக்க உதவும். ஆனால் பெரியவர்களின் நுரையீரல் நோயை அது தடுக்கவில்லை என்பது, 1968-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பேராராய்ச்சியின் முடிவு. ஊசி போட்டவன் என்று இருமலை அசட்டை செய்தலாகாது.

மூன்றாவதாக, நோயாளியின் நிலையைக் கவனித்தல். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு முதல் காசநோய் இறப்பைத் தடுக்கும் திட்டம் நடைபெறுகிறது. நோய் கண்டவுடன் எடை, மூச்சின் வேகம், இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு, பிறர் துணையின்றி நிற்க இயலுமா என்பன பார்க்கப்படுகின்றன. மிக மெலிந்தவர், மூச்சுத் திணறுபவர், எழுந்து நிற்க இயலாதவர் ஆகியோர் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவர்கள். வாகன வசதியில்லாத வீட்டுக்கு அவ்வேளையில் உறுப்பினர் ஒருவர் செய்யும் உதவி ஓர் உயிரைக் காக்கும்.

நான்காவதாக, வெளியூர் செல்வோர். கல்வராயன் மலையிலிருந்தும் அடிவார ஊர்களிலிருந்தும் பலர் கேரளம், கர்நாடகம் ஆகிய இடங்களிலுள்ள தோட்ட வேலைக்குச் செல்கின்றனர். மருந்து உண்பவர் புறப்படுமுன் சுகாதார நிலையத்தில் தெரிவித்தால், செல்லும் ஊரிலேயே மருந்து தொடர ஏற்பாடு செய்வார்கள்.

ஐந்தாவதாக, வீடு. புதிய வீடு கட்டுவோர் ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிரே சன்னல் வைக்கட்டும். பகலில் சன்னல்களைத் திறந்து வெயிலும் காற்றும் புக விடட்டும். பாலைக் காய்ச்சியே அருந்துதல் வேண்டும். மாட்டின் க்ஷயம் பச்சைப் பால் வழியே மனிதரைப் பற்றக்கூடும். நோயாளி இருமும்போது வாயை மூடிக்கொள்வதும், தொடக்க வாரங்களில் காற்றோட்டமான இடத்தில் உறங்குவதும் போதும். தட்டும் குவளையும் தனியே வைக்கத் தேவையில்லை. அவற்றின் வழியே இந்நோய் பரவுவதில்லை.

இறுதியாக, இரகசியம். நோயாளியின் பெயரைக் கூட்டத்தில் கூறுதலோ, ஜாடையாகக் குறிப்பிடுதலோ, பாராட்டுவதற்காகவேனும் சுட்டுதலோ கூடாது. 2023-ஆம் ஆண்டு முதல் காசநோயற்ற பஞ்சாயத்துகளுக்குச் சான்றிதழும் காந்தியடிகளின் சிலையும் வழங்கப்படுகின்றன. சிலை பெறும் ஆவலில் நோயாளிகளைக் கணக்கில் காட்டாமல் விட எவரும் எண்ணலாகாது. அதன் நிபந்தனைகளுள் முதன்மையானது, ஆயிரம் மக்களுக்கு ஆண்டில் முப்பது பேரையேனும் பரிசோதிக்க வேண்டும் என்பதே. தேடுகின்ற பஞ்சாயத்துக்கே பெருமை. மறைக்கின்ற பஞ்சாயத்துக்கு அன்று.

முடிவுரை

2023-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறக்குறைய 28 இலட்சம் பேர் இந்நோயுற்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உலகின் நோயாளிகளில் நான்கில் ஒருவர் நம் நாட்டவர். முன்னோர் மருந்தில்லாமல் மாண்டனர். அதில் அவர்கள் குற்றம் யாதுமில்லை. மருந்து வீட்டு வாசலுக்கு வரும் இக்காலத்தில் ஒருவர் மாண்டால், அதற்கு விடை கூற வேண்டியவர்கள் நாம்.

நைனார்பாளையத்துப் பெரியவர் அன்று விடைபெறுமுன் முகாமுக்குத் தம் பெயரை முதலில் எழுதச் சொன்னார். “எனக்கு இருமல் இல்லை, ஐயா. இருந்தாலும் எழுதுங்கள். என் வீட்டுப் பெயரைப் பார்த்தால் மற்றவர்களுக்கும் கூச்சம் போய்விடும்” என்றார். அவர் பெயருக்குக் கீழே அன்று மாலைக்குள் பதினொரு பெயர்கள் சேர்ந்தன. வீடு கரைந்த மேட்டில் இப்போது அவர் ஆமணக்கு விதைத்திருக்கிறார்.